இரண்டு சாக்கெட், ஒரே நினைவகம்: பாயான் லெப்பாஸில் ஒரு சர்வர் மெதுவானது ஏன்?

பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் சோதனைத் தரவுகளை அலசிக் கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனி இருக்கிறது. அவர்களிடம் இருந்த பழைய சர்வரில் ஒரு சாக்கெட் (செயலிச் சில்லு பொருந்தும் இடம்), 16 கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு). வேலை கூடிப்போனதால் புதிதாக ஒன்று வாங்கினார்கள். இரண்டு சாக்கெட், 32 கோர், அதே தலைமுறைச் செயலி, அதே கடிகார வேகம், இரட்டிப்பு மெமரி. நிரலில் ஒரு வரியையும் மாற்றாமல் த்ரெட் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) எண்ணிக்கையை மட்டும் 16-இலிருந்து 32 ஆக்கி ஓட்டினார்கள். இரவு ஷிஃப்டின் அறிக்கை பழைய சர்வரில் வந்ததைவிடத் தாமதமாக வந்தது.

குழுத் தலைவியை அங்கே எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணே, கோர் ரெண்டு மடங்கு, காசும் ரெண்டு மடங்கு. வேலை மட்டும் ஏன் இழுக்குது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதையும், அதைத் தொடர்ந்து இரண்டு சர்வர்களுக்கு வேலையைப் பிரித்ததையும் இங்கே எழுதுகிறேன். பகிர்நினைவகத்தை, அதாவது பல த்ரெட்கள் சேர்ந்து பயன்படுத்தும் மெமரியை, வைத்து நிரல் எழுதும் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்தே தீரும்.

வேலை என்ன?

1972-இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் அசெம்பிளி ஆலையைப் பினாங்கில் தொடங்கியது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்ட் போன்றவையும் அதே காலகட்டத்தில் வந்தன. அன்று முதல் இந்தத் தீவு பெரும்பாலும் செய்துவருவது சிப்புகளை உறையில் அடைப்பதும் சோதிப்பதும். சோதனைத் தளத்தில் நிற்கும் ஒவ்வொரு டெஸ்டரும் தான் பார்த்த ஒவ்வொரு சிப்பைப் பற்றியும் எழுதித் தள்ளும். அந்தக் கோப்பின் வடிவம் எஸ்டிடிஎஃப். டெராடைன் கம்பெனி 1980-களில் வகுத்தது, இன்றும் தொழிலில் எல்லாரும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

கோப்பின் தொடக்கத்தில் எம்ஐஆர் என்ற பதிவு வரும், லாட் (ஒன்றாகச் செல்லும் சிப்புத் தொகுதி) எண் அதில் இருக்கும். வேஃபர் (பல சிப்புகள் ஒன்றாகச் செய்யப்படும் சிலிக்கான் வட்டு) தொடங்கும்போது டபிள்யூஐஆர். ஒவ்வொரு சிப்பும் முடியும்போது பிஆர்ஆர். சிப் எந்த வகையில் விழுந்தது என்ற 'பின்' எண்ணையும், வேஃபரில் அது இருந்த இடத்தையும் பிஆர்ஆர் சொல்லும். வழக்கமாக 'பின்' 1 என்றால் நல்ல சிப். இடையில் அந்தச் சிப்புக்கு நடந்த ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனிப் பதிவு.

இவர்களுடைய நிரல் இந்தக் கோப்புகளைப் படித்து, ஒவ்வொரு 'பின்'னிலும் எத்தனை சிப் விழுந்தது, ஒவ்வொரு சோதனையிலும் எத்தனை தேறியது, எத்தனை தேறவில்லை என்று கூட்டும். சி++-இல் எழுதியது. எழுதியவர்கள் விவரமானவர்கள் என்பது நிரலைப் பார்த்தாலே தெரிந்தது. பொதுவான எண்ணி ஒன்றை வைத்து 32 த்ரெட்டும் அதற்குப் பூட்டுப் போட்டு முண்டியடிக்கும்படி அவர்கள் விடவில்லை. த்ரெட் ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணி, கடைசியில் கூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. ஒருவர் எண்ணியை இன்னொருவர் தொடுவதில்லை. காகிதத்தில் பார்த்தால் பழுதே கிடையாது.

முதலில் பார்த்தவை

டிஸ்க்கின் மேல்தான் முதல் சந்தேகம். கோப்புகளை முன்கூட்டியே மெமரியில் ஏற்றி ஓட்டிப் பார்த்தோம், வித்தியாசம் இல்லை. கோர்களின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையைப் பார்த்தால் 32 கோரும் நூறு சதவீதம் காட்டின. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மெமரியிலிருந்து தரவு வருவதற்காகக் கோர் சும்மா நிற்கும் நேரத்தையும் இயங்குதளம் வேலை நேரமாகவே கணக்கில் சேர்க்கும். நூறு சதவீதம் என்றால் கோர் வேறு யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்றுதான் பொருள். உள்ளே எவ்வளவு வேலை முடிந்தது என்பதை அந்த எண் காட்டாது.

அதைச் சொல்வது பெர்ஃப் கருவி. ஒரு கடிகாரச் சுழற்சிக்கு எத்தனை கட்டளை முடிகிறது என்று பார்த்தோம். பழைய சர்வரில் ஒன்றுக்கு மேலே தாராளமாக இருந்தது. புதியதில் ஒன்றைக்கூட எட்டவில்லை. கோர்கள் காத்திருந்தன.

அடுத்த சோதனை மிகச் சின்னது, ஆனால் இந்த வழக்கைத் திறந்துவிட்டது அதுதான். நியூமாகன்ட்ரோல் கட்டளையைப் போட்டு, நிரலை முதல் சாக்கெட்டிலும் அதோடு ஒட்டிய மெமரியிலும் மட்டும் ஓடும்படி கட்டிவைத்தோம். த்ரெட் 16 தான். பாதி இயந்திரத்தை அணைத்துவிட்டதற்குச் சமம். அப்படி ஓட்டியபோது முழு இயந்திரத்தையும்விட வேகமாக முடித்துவிட்டது. அக்கா திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ ரெண்டாவது சாக்கெட் உதவி பண்ணல, இடைஞ்சல்தான் பண்ணுது" என்றார். அவர் சொன்னது சரி.

இரண்டு சாக்கெட் சர்வர் என்பதே ஒரு குட்டிப் பரவல் கணினி. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பக்கத்தில் அதற்கென்று மெமரி உண்டு. அடுத்த சாக்கெட்டின் மெமரி வேண்டுமென்றால் நடுவில் உள்ள இணைப்பைத் தாண்டிப் போக வேண்டும். ஏஎம்டி 2003-இல் ஆப்டெரான் செயலியோடு இந்த அமைப்பைச் சாதாரண சர்வருக்குக் கொண்டுவந்தது. இன்டெல் 2008-இல் வந்த நெஹாலெம் தலைமுறையில் அதே வழிக்கு மாறியது. அதற்கும் முன்பே, 1990-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டின் டாஷ் ஆய்வு இயந்திரமும், 1996-இல் சிலிக்கான் கிராஃபிக்ஸின் ஆரிஜின் 2000-உம் இதையே பெரிய அளவில் செய்துகாட்டின. நிரலாளருக்கு ஒரே மெமரி போலத் தெரியும், அடியில் அது துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும்.

நியூமாகன்ட்ரோலிடம் வன்பொருள் விவரம் கேட்டால் இதை அதுவே எண்ணாகச் சொல்லிவிடும். இந்தச் சர்வரில் தன் மெமரிக்குத் தூரம் 10, அடுத்த சாக்கெட்டின் மெமரிக்குத் தூரம் 21 என்று காட்டியது. அவை நேரடி நேர அளவு அல்ல, ஒப்பீட்டுக்காகத் தயாரிப்பாளர் எழுதிவைப்பவை. உண்மையில் தன் மெமரியிலிருந்து எடுக்க ஏறத்தாழ 80 முதல் 100 நானோசெகண்ட் ஆகும், பக்கத்துச் சாக்கெட்டிலிருந்து என்றால் 130-ஐத் தாண்டும். வித்தியாசம் ஒன்றரை மடங்கு அளவில்தான் இருக்கிறது. இதை மட்டும் வைத்து, பாதி இயந்திரம் முழு இயந்திரத்தை முந்தியதற்குக் காரணம் சொல்ல முடியாது. வேறு ஏதோ இருந்தது.

ஒரு வரிக்குள் எட்டுப் பேர்

பெர்ஃப் கருவியில் சி2சி என்று ஒரு பகுதி உண்டு. ஒரு கோரின் கேஷிலிருந்து (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி) இன்னொரு கோரின் கேஷுக்கு எந்தத் தரவு அடிக்கடி தாவுகிறது என்று அது காட்டும். பல கோரில் நிரல் எழுதுபவர்கள் கட்டாயம் பழகிக்கொள்ள வேண்டிய கருவி என்று நினைக்கிறேன். இது இல்லாவிட்டால் இந்தச் சிக்கலை ஊகத்தில்தான் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

அறிக்கையின் உச்சியில் நான்கு கேஷ் லைன்கள் (கேஷ் ஒரே துண்டாகக் கையாளும் தரவு) இருந்தன. நான்கும் அடுத்தடுத்த முகவரிகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் 0, 8, 16, 24 என்று 56 வரை எட்டு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு த்ரெட், எல்லாருமே எழுதுகிறார்கள். எழுதும் நிரல் வரியையும் அது சுட்டிக்காட்டியது. 'பின்' எண்ணியில் ஒன்றைக் கூட்டும் வரி.

அட்டவணையின் அமைப்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முதல் சுட்டு 'பின்' எண், இரண்டாவது சுட்டு த்ரெட் எண். அதாவது 'பின்' 1-க்கு 32 த்ரெட்டின் எண்ணிகளும் வரிசையாக ஒட்டி நிற்கின்றன. கடைசியில் ஒரு 'பின்'னுக்கு மொத்தம் கூட்ட அந்த வரிசையை அப்படியே கூட்டினால் போதும் என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். எண்ணி ஒவ்வொன்றும் 8 பைட். 32 எண்ணிக்கு 256 பைட். கேஷ் லைன் 64 பைட். ஆக, சரியாக நான்கு கேஷ் லைன்கள், லைனுக்கு எட்டுப் பேர்.

செயலி மெமரியை எண்ணி எண்ணியாகக் கையாள்வதில்லை, லைன் லைனாகத்தான் கையாள்கிறது. ஒரு கோர் ஒரு லைனில் எழுத வேண்டுமென்றால் அந்த லைன் அதன் கையில் மட்டுமே இருக்க வேண்டும், மற்ற எல்லாக் கோர்களிலும் உள்ள பிரதிகள் செல்லாதவை ஆக வேண்டும். மெசி என்ற நெறிமுறையின் சாரமே இதுதான். லைன் மாற்றப்பட்டது, தனியுரிமை, பகிரப்பட்டது, செல்லாதது என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். ஏழாவது த்ரெட் தன் 8 பைட்டில் ஒன்றைக் கூட்டினால் மற்ற ஏழு பேருடைய பிரதியும் செத்துவிடும். அடுத்த நொடித்துளியில் மூன்றாவது த்ரெட் தன்னுடையதைக் கூட்ட வரும். லைனை ஏழாவதிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். தர்க்கப்படி யாரும் யாருடையதையும் தொடவில்லை. வன்பொருளைப் பொறுத்தவரை எட்டுப் பேரும் ஒரே பொருளுக்காக மல்லுக்கட்டுகிறார்கள். இதைத்தான் பொய்ப் பகிர்வு என்கிறோம்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. சோதனைக்கு வரும் சிப்புகளில் பெரும்பாலானவை நல்லவை. எனவே கிட்டத்தட்ட ஒவ்வொரு சிப்புக்கும் 'பின்' 1-இன் எண்ணிதான் கூடும். தொழிற்சாலை நன்றாக ஓட ஓட, எல்லா த்ரெட்டும் அதே நான்கு லைன்களில் வந்து மோதும். விளைச்சல் (தேறும் சிப்புகளின் விகிதம்) குறைந்த நாளில் அறிக்கை கொஞ்சம் சீக்கிரம் வருகிறது என்று குழுவில் ஒருவர் முன்பே கவனித்துச் சொல்லியிருக்கிறார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பார்த்தது நிஜம்.

பழைய சர்வரில் இதே பிழை இருந்தும் ஏன் வலிக்கவில்லை? அங்கே 16 கோரும் ஒரே சில்லுக்குள், பொதுவான ஒரே கேஷுக்கு மேலே இருந்தன. லைன் கைமாற சில பத்து நானோசெகண்ட் போதும். புதியதில் அதே லைன் சாக்கெட் விட்டுச் சாக்கெட் தாவியது. ஒவ்வொரு தாவலுக்கும் நூறு நானோசெகண்டுக்கு மேல். அதுவும் மெமரியிலிருந்து அல்ல, மறு சாக்கெட்டின் கோர் ஒன்று மாற்றிவைத்திருக்கும் பிரதியைத் தேடி எடுத்துவர வேண்டும். இந்தப் பயணத்தைச் சோதனை எண்ணிகள் ஒவ்வொன்றுக்கும் செய்தால், சிப் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை ஆகிவிடும், ஏனென்றால் அந்த எண்ணிகளும் இதே பாணியில்தான் அடுக்கப்பட்டிருந்தன.

திருத்தம் இரண்டே வரி. சுட்டுகளைத் திருப்பிப்போட்டோம். முதலில் த்ரெட் எண், பிறகு 'பின்' எண். ஒரு த்ரெட்டின் எண்ணிகள் அனைத்தும் ஒரே இடத்தில், அடுத்த த்ரெட்டின் எண்ணிகள் வேறு லைனில். ஒவ்வொரு த்ரெட்டின் வரிசையும் 128 பைட் எல்லையில் தொடங்கும்படி செய்தோம். 64 போதாதா என்று கேட்டார்கள். இன்டெல் செயலிகளில் பக்கத்து லைனையும் சேர்த்தே முன்கூட்டி இழுக்கும் வசதி உண்டு, அதனால் 128 வைப்பது பாதுகாப்பு. கடைசியில் கூட்டும்போது எண்ணிகள் சிதறிக்கிடக்கும்தான். அது ஒரு முறை மட்டும் செய்யும் வேலை, கணக்கிலேயே வராது.

யார் முதலில் தொட்டார்?

அதற்குப் பிறகு புது சர்வர் பழையதை முந்தியது. ஆனால் இரட்டிப்புக்குப் பக்கத்தில் வரவில்லை. நியூமாஸ்டாட் கட்டளையில் பார்த்தால் நிரலின் மெமரி கிட்டத்தட்ட முழுவதும் முதல் சாக்கெட்டின் பக்கமே குவிந்திருந்தது.

லினக்ஸ் மெமரியைக் கேட்டவுடன் கொடுத்துவிடாது. முகவரியை மட்டும் கொடுக்கும். மெமரியை அது பக்கம் (பேஜ்) என்ற துண்டுகளாகப் பிரித்துவைத்திருக்கும். ஒரு பக்கத்தை முதன்முதலில் எந்தக் கோர் தொடுகிறதோ, அந்தக் கோரின் சாக்கெட்டிலிருந்துதான் உண்மையான மெமரியை ஒதுக்கும். இவர்கள் நிரலில் முதன்மை த்ரெட் தொடங்கியதுமே எல்லா அட்டவணைகளையும் இடையகங்களையும் ஒதுக்கி, சுத்தமாகப் பூஜ்யம் எழுதிவிட்டு, அப்புறம்தான் மற்ற த்ரெட்களைக் கிளப்பும். நல்ல பழக்கம் என்றுதான் எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். இங்கே அதுவே எல்லாப் பக்கங்களையும் முதல் சாக்கெட்டில் நட்டுவிட்டது. இரண்டாவது சாக்கெட்டின் 16 கோரும் ஒவ்வொரு பைட்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பைக் கடந்தன.

ஒவ்வொரு த்ரெட்டையும் ஒரு கோரில் கட்டிவைத்து, தன் பங்கைத் தானே பூஜ்யமாக்கும்படி மாற்றினோம். கோப்பைப் படிக்கும் இடையகத்தையும் அப்படியே. வேகம் இரட்டிப்புக்குக் கிட்ட வந்தது.

இன்னொன்றையும் அப்போதே சரிசெய்தோம். ஒரு த்ரெட் தன் வேலையை முடித்ததும் 'முடிந்தது' என்று ஒரு கொடியை உயர்த்தும், முதன்மை த்ரெட் அதைப் பார்த்துவிட்டு முடிவுகளை எடுக்கும். கொடி சாதாரண மாறி. இந்தச் சர்வர்களில் இதுவரை பிசகியதில்லை, ஏனென்றால் எக்ஸ்86 செயலி (இன்டெல், ஏஎம்டி சர்வர்களில் உள்ள வகை) மெமரியில் எழுதியவற்றை மற்றவருக்கு வரிசை மாற்றிக் காட்டாது. ஆர்ம் செயலி அந்த உறுதியைத் தராது, கொடி முதலில் தெரிந்து முடிவு பிறகு தெரியலாம். கம்பைலரும் தன் பங்குக்கு வரிசையை மாற்றலாம். எல்லாச் செயல்களும் ஒரே வரிசையில் நடந்ததுபோல் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்ற வரையறையை லெஸ்லி லாம்போர்ட் 1979-இலேயே எழுதினார். நாம் மனதில் நினைத்துக்கொண்டு எழுதுவது அந்த மெமரிக்குத்தான், ஆனால் எந்த வேகமான செயலியும் அதைச் சும்மா தருவதில்லை. கேட்டு வாங்க வேண்டும். கொடியை அணுமாறியாக்கி (அட்டாமிக்), எழுதும்போது ரிலீஸ், படிக்கும்போது அக்வயர் என்று போட்டோம். கொடியைப் பார்த்தவருக்கு அதற்கு முன் எழுதிய முடிவும் தெரியும் என்ற உறுதி அதில் கிடைக்கும்.

இரண்டாவது சர்வர்

சில மாதங்களில் வேலை மறுபடியும் கூடியது. அதே மாதிரி இன்னொரு சர்வர் வாங்கப்பட்டது. குழுவில் இளையவர் ஒரு யோசனை சொன்னார்: "ரெண்டு சர்வரையும் சேர்த்து ஒரே மெமரி மாதிரி காட்டிட்டா, நிரல்ல கை வைக்கவே வேணாம் இல்லையா அண்ணே?"

இந்த ஆசைக்கு நீண்ட வரலாறு உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் காய் லீ 1986-இல் தன் முனைவர் ஆய்வில் இதையே செய்தார். ஐவி என்று பெயர். வலையமைப்பில் இணைந்த அப்பல்லோ கணினிகளின் மெமரியை ஒரே மெய்நிகர் நினைவகமாகக் காட்டினார். ஒரு பக்கம் கையில் இல்லையென்றால் பக்கப் பிழை எழும், மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கணினியிலிருந்து அந்தப் பக்கத்தை வரவழைக்கும். எழுதப் போகிறாய் என்றால் மற்றவர்களின் பிரதிகளைச் செல்லாததாக்கும். கேஷ் லைனுக்கு வன்பொருள் செய்வதைப் பக்கத்துக்கு மென்பொருள் செய்கிறது. எவ்வளவு அழகான யோசனை. இயங்குதளத்தின் பக்க அட்டவணையையே தூண்டிலாக வைத்து ஒரு புது இயந்திரத்தை உருவாக்கிவிட்டார்.

இளையவர் ஏற்கனவே ஒரு முயற்சி செய்திருந்தார். இரண்டு சர்வருக்கும் பொதுவான என்எஃப்எஸ் (வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) அடைவில் ஒரு கோப்பை வைத்து, இரண்டிலிருந்தும் அதை மெமரியின் ஒரு பகுதி போல இணைத்து எண்ணிகளை அதில் வைத்தார். வேகம் நன்றாகவே இருந்தது. எண்கள்தான் தப்பு. ஒரே லாட்டை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு விதமான மொத்தம். என்எஃப்எஸ் தரும் உறுதி, ஒருவர் கோப்பை மூடிய பிறகு இன்னொருவர் திறந்தால் புதியதைப் பார்ப்பார் என்பதோடு முடிந்துவிடும். நடுவில் இரண்டு சர்வரும் தங்கள் தங்கள் பிரதியில் எழுதிக்கொண்டிருக்கும். திருப்பி எழுதும்போது பக்கம் முழுசாகப் போகும், கடைசியில் எழுதியவருடையது நிற்கும், மற்றவரின் எண்ணிக்கை காணாமல் போகும். ஒரே கணினியில் பகிர்நினைவகமாக இருக்கும் வசதி, வலையமைப்பைத் தாண்டியதும் வெறும் கோப்பாகிவிடுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராமல் எண் தப்பாவதுதான் இதில் பயங்கரம். விளைச்சல் எண்ணை நம்பி ஒரு லாட்டை அனுப்புவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கிறார்கள்.

அடுத்து அவர், பக்கப் பிழையை நிரலே கையாள விடும் லினக்ஸின் யூசர்ஃபால்ட்எஃப்டி வசதியைக் கொண்டு ஐவி பாணியில் ஒரு சின்ன மாதிரியைக் கட்டினார். அதைக் கட்டியதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும், படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஆழமாக அவருக்கு விஷயம் பிடிபட்டது. எண்கள் சரியாக வந்தன. வேகம் ஒற்றை சர்வரைவிடப் பல மடங்கு மோசம்.

காரணம் அளவுகளில் இருக்கிறது. பக்கம் 4096 பைட். 8 பைட் எண்ணிகள் 512 அதில் அடங்கும். கேஷ் லைனில் எட்டுப் பேர் மோதியது இங்கே ஐந்நூறு பேர் மோதுவதாகிறது. சாக்கெட் தாண்ட நூற்றுச் சொச்சம் நானோசெகண்ட் என்றால், சாதாரண ஈதர்நெட்டில் டிசிபி வழியாகப் போய்வர பல பத்து மைக்ரோசெகண்ட். நூறு மடங்குக்கு மேல். ஜார்ஜ்டவுனிலும் பட்டர்வொர்த்திலும் கிளை வைத்திருக்கும் மளிகைக்கடை, ஒரே கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விற்பனைக்கும் அதை ஃபெர்ரியில் அக்கரைக்கு அனுப்பி வாங்குவது போலத்தான்.

ரைஸ் பல்கலைக்கழகத்தில் 1990-களில் இதற்கு வழி தேடினார்கள். மியூனின், அதற்குப் பிறகு ட்ரெட்மார்க்ஸ். ஒரே பக்கத்தில் பலர் ஒரே நேரத்தில் எழுதட்டும் என்று விட்டுவிடுவது அவர்கள் வழி. எழுதும் முன் பக்கத்தின் நகல் ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு கைமாறும்போது அல்லது எல்லாரும் ஒரு தடுப்பில் கூடும்போது, நகலோடு ஒப்பிட்டு மாறிய பைட்களை மட்டும் அனுப்பினால் போதும். அதையும் அடுத்தவர் கேட்கும்வரை தள்ளிப்போடலாம். எழுதிய ஒவ்வொன்றையும் உடனே எல்லாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, நிரலே எப்போது பார்க்க வேண்டும் என்று சொல்கிறதோ அப்போது காட்டினால் போதும்.

இதைப் பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கிட்டார். "நம்ம நிரல்ல யாருமே நடுவுல பார்க்கறதில்லையே? கடைசில ஒரு தடவைதானே கூட்டறோம்?"

முழு விஷயமும் அதில்தான் இருந்தது. மொத்தக் கூட்டல் எந்த வரிசையில் நடந்தாலும் ஒன்றுதான். ஓட்டத்தின் நடுவில் ஒரு சர்வர் இன்னொன்றின் எண்ணியைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. எழுதியவுடன் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்ற உறுதிக்குத்தான் பகிர்நினைவகம் விலை வாங்குகிறது, ஒரு சாக்கெட்டுக்குள் அந்த விலை சொற்பம், சாக்கெட் தாண்டினால் கவனித்துச் செலவழிக்க வேண்டிய தொகை, வலையமைப்பைத் தாண்டினால் கட்டுப்படியாகாது. இவர்களுக்கு அந்த உறுதியே தேவைப்படவில்லை. தேவையில்லாத ஒன்றுக்காக ஒவ்வொரு சிப்புக்கும் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனவே வேலையைப் பிரித்தோம். ஒவ்வொரு சர்வரும் தன் கோப்புகளைத் தானே படித்துத் தன் அட்டவணையைத் தானே கூட்டும். முடிவில் எம்பிஐ-யின் (கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதற்கான தரம்) ரெட்யூஸ் அழைப்பு ஒன்று இரண்டு அட்டவணையையும் சேர்த்துவிடும். 1994-இல் தரப்படுத்தப்பட்ட எம்பிஐ இந்த வேலைக்கென்றே செய்தது போல் பொருந்தியது. சிப் சோதனை எல்லைகளின் அட்டவணை ஒன்று உண்டு, எல்லாரும் படிப்பது, யாரும் எழுதாதது. அதை ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஒரு பிரதி என்று நான்கு பிரதி வைத்துவிட்டோம். படிக்க மட்டுமே பயன்படும் தரவைப் பகிர்வதில் சண்டை வராது, மெமரியும் இப்போது மலிவு.

ரீடெஸ்ட்

சண்டை வந்தது ரீடெஸ்ட்டில். தேறாத சிப்பை மறுபடியும் சோதிப்பார்கள், பெரும்பாலும் வேறு டெஸ்டரில், சில மணி நேரம் கழித்து. அதன் பிஆர்ஆர் பதிவில் ஒரு கொடி இருக்கும், அதே இடத்தில் உள்ள சிப்புக்கு முன்பு வந்த முடிவை இது மாற்றுகிறது என்று. அப்படியானால் பழைய 'பின்'னிலிருந்து ஒன்றைக் கழித்துப் புதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இங்கே வரிசை முக்கியம். பழைய முடிவு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முதல் கோப்பு ஒரு சர்வருக்கும் ரீடெஸ்ட் கோப்பு இன்னொன்றுக்கும் போய்விட்டால், இரண்டாவது சர்வர் முதலாவதின் மெமரியை எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். எந்தப் பகிர்வை விரட்டினோமோ அது பின்வாசல் வழியாக நுழைந்துவிடும்.

ஆகவே கோப்புக் கணக்கில் பிரிப்பதைக் கைவிட்டோம். உரிமையாளர் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒருவர். எம்ஐஆர் பதிவு கோப்பின் தொடக்கத்திலேயே இருப்பதால் கோப்பை முழுக்கப் படிக்காமலே லாட் எண்ணை எடுத்துவிடலாம். அந்த எண்ணிலிருந்து கணக்கிட்டு, இந்த லாட் இந்தச் சர்வருக்கு என்று முடிவாகிவிடும். எந்த டெஸ்டரிலிருந்து எப்போது வந்தாலும் அந்த லாட்டின் கோப்புகள் எல்லாம் ஒரே இடத்துக்குத்தான் போகும்.

கொஞ்ச நாள் ஓடிய பிறகு இன்னொரு குறை தெரிந்தது. சில லாட்கள் மற்றவற்றைவிட மிகப் பெரியவை. அப்படி ஒன்று வந்தால் ஒரு சர்வர் மூச்சுமுட்ட ஓடும், மற்றது சும்மா கிடக்கும். வேஃபர் சோதனையில் சிப்பின் இடம் என்பது ஒரு வேஃபருக்குள் மட்டும்தான் பொருள்படும், ரீடெஸ்ட்டும் வேஃபரைத் தாண்டாது. எனவே லாட் எண்ணோடு வேஃபர் எண்ணையும் சேர்த்து உரிமையாளரை முடிவு செய்தோம். துண்டு சிறியதானது, சுமை சமமாகப் பரவியது. லாட்டுக்கான மொத்தம் கடைசிக் கூட்டலில் தானாகவே வந்துவிடும்.

இதற்கிடையில் ஒரு விற்பனையாளர் வந்து, சிஎக்ஸ்எல் (செயலிகளை வெளியே உள்ள மெமரியோடு இணைக்கும் தரம்) வந்துவிட்டது, இனிமேல் பல சர்வர்கள் ஒரே மெமரியைப் பகிரலாம், இந்தப் பிரித்தல் வேலையெல்லாம் வேண்டாம் என்று பேசிவிட்டுப் போனார். சிஎக்ஸ்எல் நல்ல தொழில்நுட்பம்தான். முதல் விவரக்குறிப்பு 2019-இல் வந்தது, 2022-இல் வந்த 3.0 பதிப்பு பல சர்வர்கள் ஒரே மெமரிப் பகுதியை முரண்பாடின்றிப் பகிர வழி வகுக்கிறது. பெரிய அட்டவணையைப் பல சர்வர்கள் படிக்க வேண்டிய இடத்தில் அது மிகவும் உதவும். ஆனால் எண்ணிகளைக் கொண்டுபோய் அங்கே வைத்தால், அதே நான்கு கேஷ் லைன்கள் இன்னும் நீண்ட கம்பியில் அலையும், அவ்வளவுதான். அக்காவிடம் நான் சொன்னது: அடுத்த முறை வாங்கும்போது கோர் எண்ணிக்கையைப் பார்க்கும் முன், ஒரு சாக்கெட்டில் கட்டி ஒருமுறை, முழுவதுமாக ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது மிச்சமிருப்பது தாமதமாக வரும் ரீடெஸ்ட் கோப்புகள். அறிக்கை போன பிறகு, சில சமயம் அடுத்த நாள்கூட வரும். அதற்குள் அந்த வேஃபரின் அட்டவணை மெமரியிலிருந்து போயிருக்கும். அதற்காக ஒவ்வொரு வேஃபரின் சிப் முடிவுகளையும் அதன் உரிமையாளர் தன் உள்ளூர் டிஸ்க்கில் எழுதிவைக்கும்படி இளையவர் மாற்றிக்கொண்டிருக்கிறார். கோப்பு வந்ததும் அதே சர்வர் அதைத் திறந்து, திருத்தி, லாட் மொத்தத்துக்கு வித்தியாசத்தை மட்டும் அனுப்பும்.